சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மலை

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு சாயங்காலம், அவர் நிலாவைக் கேட்டார்.

"மூன்" என்றார்.

ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்த வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு சொல் வந்ததே அவர் மனைவிக்குப் பெரிய காரியமாக இருந்தது. சூப் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்த கையோடு எழுந்தாள். நாற்காலியை அவரோடு சேர்த்துச் சன்னல் பக்கம் திருப்பினாள். திரையை ஒதுக்கினாள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கரைந்துபோன சோப்புத் துண்டு மாதிரி, பாதி நிலா நின்றிருந்தது.

"அதோ பாருங்க. மூன்."

அவர் பார்த்தார். மற்றவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை விருந்தாளி பார்ப்பதுபோல மரியாதையாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் திருப்பி, ஆறிக்கொண்டிருந்த சூப்பைப் பார்த்து, மறுபடியும் "மூன்" என்றார்.

"இருக்குங்க, எங்கேயும் போகல. நல்லாப் பாருங்க."

மறுநாளும் அவர் கேட்டார். அவளும் காட்டினாள். அதற்கடுத்த நாள் வானம் மூடியிருந்தது. "இன்னிக்கு வராது போலிருக்கு. நாளைக்குக் கண்டிப்பா காட்டறேன்" என்று சமாதானம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமையின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. நிலாமேல் இந்த மனுஷனுக்கு இத்தனை ஆசையா, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தபடி அவள் சூப்பை எடுத்து ஊட்டினாள்.

அவர் ஒரு பெரிய ஹோட்டலில் கதவுக்காரர். வீட்டு ஆட்கள்கூட அவரைக் கதவுக்காரர் என்றே குறிப்பிடும் அளவுக்கு அந்த வேலை அவரோடு ஒட்டியிருந்தது. பித்தளைக் கைப்பிடி போட்ட கண்ணாடிக் கதவு, கருஞ்சிவப்புக் கோட், தோளில் மஞ்சள் கயிறு. காலையில் அந்தக் கதவைத் திறக்க ஆரம்பித்தால் சாயங்காலம்வரை திறந்து மூடிக்கொண்டே இருப்பார். அவருடைய இங்கிலீஷ் முழுக்க அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் படித்தது இல்லை. பெட்டி, சாவி, கார், மழை, குடை என்று வந்தவர்கள் போனவர்கள் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டார்.

அவள் துணி வெளுக்கும் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து துணிகளைச் சரிசெய்து கொடுப்பவள். பேண்ட்டின் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், பிரிப்பாள், ஜிப் மாற்றுவாள். கடையில் எல்லோருக்கும் அவள் தையல் அக்கா. அந்த ஹோட்டலின் உடுப்புகளும் அந்தக் கடைக்குத்தான் வரும். கதவுக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை நீளமாகத் தொங்கிய கோட்டோடு நேரிலேயே வந்து நின்றார். அவர் மணிக்கட்டில் கோட்டின் கையை மடித்துக் குண்டூசி குத்தி அளவு வைத்தாள். வாயில் வேறு நாலு குண்டூசி இருந்ததால் அவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கோட்டை அவர் மூன்று தடவை குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை கோட்டில் குறையே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கல்யாணமாகிக் கடைக்கு மேல்மாடியிலேயே குடிவந்தார்கள். இஸ்திரி மேசையின் ஆவி கீழேயிருந்து எழுந்து படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் வரும். மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அந்த வெதுவெதுப்புக்குள்தான்.

இங்கிலீஷ் வீட்டுக்குள் வந்ததில்லை. ஹோட்டல் கோட்டோடு அதையும் கழற்றி மாட்டிவிட்டு வந்தவர்போல, படியேறும்போதே "ஏம்மா, சாப்பிட்டியா?" என்று அவர் குரல் வரும். நாள் முழுக்க வளைந்து நின்ற மனிதர் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, பார்த்த ஆட்களைப் பற்றியெல்லாம் வாய் ஓயாமல் பேசுவார்.

பக்கவாதம் கதவடியில்தான் வந்தது. யாருக்கோ திறந்து பிடித்திருந்த கை திடீரென்று வேறு யாருடைய கையோபோலக் கீழே விழுந்தது. மருத்துவமனையில் கண் விழித்தபோது வலது பக்கம் அசையவில்லை. பேச்சில் தமிழ் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. அவள் பேசுவது புரிந்தது. தலையாட்டினார், கண்ணால் பதில் சொன்னார். ஆனால் வாயைத் திறந்தால் ஒற்றை ஒற்றையாக இங்கிலீஷ் சொற்கள் விழுந்தன, அவையும் சம்பந்தா சம்பந்தமில்லாமல்.

"சில பேருக்கு இப்படி ஆகும்மா," என்றார் டாக்டர். "வீட்டு பாஷை பின்னாடி ஒதுங்கிக்கும். வேலைக்காகக் கத்துக்கிட்டது முன்னாடி நிக்கும். ஏன்னு கேட்டா எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"என்கூடப் பேசினதெல்லாம் எங்க போச்சு டாக்டர்?"

"எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. முகம் தெரியாத விருந்தாளிகளோடு பேசின பேச்சு தங்கிவிட்டது; தன்னோடு பேசினது துடைத்துக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருஷம் தான் ஆக்கிப்போட்ட சோறும், சிரித்த சிரிப்பும், போட்ட சண்டையும் எதில் சேர்த்தி? மருத்துவமனை நடையின் பச்சைச் சுவரில் சாய்ந்துகொண்டு, இங்கிலீஷ் என்று யாரோ ஒரு பெண் வந்து தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனதுபோல அவள் பொருமினாள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நிலா ஒரு பக்கம் என்றால், இன்னொரு சொல் மகளைக் கலங்கடித்தது. அம்மா அறையைவிட்டு எழுந்துபோனால் போதும், அப்பா சத்தம் போட ஆரம்பிப்பார்.

"நைஃப்! நைஃப்!"

மகள் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அம்மா, அப்பா கத்தி கேக்கறார்."

"ஆப்பிள் நறுக்கத்தான் இருக்கும்."

"ஆப்பிளாவது? சும்மா இரும்மா. இந்த மாதிரி நேரத்துல சில பேருக்கு மனசு விட்டுப் போயிடும். நீ இல்லாத நேரமாப் பாத்துக் கேக்கறாரே, கவனிச்சியா?"

அன்றே வீட்டிலிருந்த கத்திகள் எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் போய், அது ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி பரண்மேல் ஏறியது. அம்மாவின் கத்தரிக்கோல்கள் கீழே கடைக்கு நாடு கடத்தப்பட்டன. பீன்ஸைக் கையால் ஒடித்துப் போட்டார்கள். தக்காளியைப் பிசைந்தார்கள். வாங்கி வைத்திருந்த பூசணிக்காய் மட்டும் யாரும் ஒன்றும் செய்யமுடியாத ராஜாபோல மூலையில் உட்கார்ந்திருந்தது. மகள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "கத்தியை மட்டும் எடுத்துடாதேம்மா, என் கண்ணில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் பேச்சுப் பயிற்சிக்காக அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். சின்ன வயது. தோளில் பெரிய பை. அதற்குள் படங்கள், கண்ணாடி, ஊதுவதற்குப் பலூன். தையல் அக்கா முதலில் அவளை டாக்டரம்மா என்றாள். "ஐயோ, நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி" என்று அவள் பதறியதால் பேச்சுப் பொண்ணு என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் பேச்சுப் பொண்ணு உட்கார்ந்திருக்கும்போதே சாப்பாட்டு நேரம் வந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் "மூன்" என்றார். தையல் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனாள்.

"எங்க ஆன்ட்டி போறீங்க?"

"நிலா கேக்கறார். பட்டப்பகல்ல இருக்குமோ இருக்காதோ, எதுக்கும் பாத்துடறேன்."

பேச்சுப் பொண்ணு கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்துபோய், சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து வந்து அவருடைய இடது கையில் வைத்தாள்.

அவர் குனிந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், சூப்பை முழுக்கக் குடித்து முடித்தார்.

தையல் அக்கா திரையைப் பிடித்தபடியே நின்றாள். தினமும் அவள்தான் ஊட்டிவிடுவாள், ஆறட்டும் என்று அவள் காத்திருக்கும்போது அவருக்குப் பொறுக்காது. தானே குடிக்கத்தான் கேட்டிருக்கிறார்.

"மூன், ஸ்பூன்," என்றாள் பேச்சுப் பொண்ணு மெதுவாக. "தேடற சொல் எந்த அலமாரியில இருக்குன்னு அவருக்குத் தெரியுது ஆன்ட்டி. கையை விடும்போது பக்கத்துல இருக்கறதை எடுத்துடறார். கடைசிச் சத்தம் ஒண்ணா இருக்கறதை."

"எதுகை மோனையாப் பேசறார்னு சொல்றியா?"

"எதுகைன்னா ரெண்டாவது எழுத்து, மோனைன்னா முதல் எழுத்து. இவருக்குக் கடைசி ஒண்ணா வருது. இயைபுன்னு பாடத்துல வருமே."

"நான் அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்தை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து இடித்துக்கொண்டன. "ஒரு ஸ்பூனுக்காக அந்த மனுஷன் எத்தனை நாள் கெஞ்சியிருக்கார். நான் பாட்டுக்கு வானத்தைக் காட்டிட்டே இருந்திருக்கேன்."

அவரும் சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் சொற்களைத் தேட ஆரம்பித்தாள். இங்கிலீஷில் வாக்கியம் கட்ட அவளுக்கு வராது. ஆனால் கடையிலும் தெருவிலும் காதில் விழுந்த சொற்கள் ஏராளமாக இருந்தன. தேடுவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சின்ன வயதில் ஒப்பித்த தமிழ் எழுத்து வரிசை. அவர் ஒரு சொல்லைச் சொன்னால் அதன் தலையை வெட்டிவிட்டு, வாலை வைத்துக்கொண்டு, க, ச, ட என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்திப் பார்ப்பாள். பழைய சட்டைக்குப் புதுக் காலர் வைப்பது மாதிரிதான்.

அவர் "கைட்" என்றால், அவள் சன்னல் பக்கம் போகாமல் அங்கேயே நின்று சொல்லிப் பார்ப்பாள்: "சைட்… டைட்… நைட்… பைட்… ரைட்… லைட்." லைட் என்றதும் அவர் தலை அசையும். விளக்கைப் போடுவாள். ஆனால் தேடும்போது எழுந்த மற்ற சொற்கள் உடனே போய்விடாது. காற்றாடியும் இரவும் அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு காற்றாடி வால் ஆடிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். கீழே இஸ்திரி ஆவி ஏறிவரும் வேளையில் வீடே கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும்.

மாத்திரை விஷயம்தான் நாள்கணக்கில் இழுத்தது. சாப்பிட்டு முடித்ததும் "ஹில்" என்பார். வரிசையில் தேடினால் பில் என்று வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை நினைத்துத்தான் மனுஷன் கவலைப்படுகிறார் என்று நினைத்து, "அதெல்லாம் உங்க கம்பெனி பாத்துக்குது, நீங்க நிம்மதியா இருங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். பேச்சுப் பொண்ணு வந்துதான், இங்கிலீஷில் மாத்திரைக்கும் பில் என்றுதான் சொல்வார்கள், சத்தம் கொஞ்சம்தான் மாறும் என்று விளக்கினாள். அதன் பிறகு அந்த வீட்டில் மாத்திரைக்கு மலை என்றே பெயராகிவிட்டது. காலையில் ஒரு மலை. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மலை. டீயை அவர் "ட்ரீ" என்பார். "மரம் கொதிக்குது, பொறுங்க" என்று சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுப்பாள். மேல்மாடி இரண்டறை வீட்டில் மலையும் மரமும் நிலாவுமாகப் புழங்கிக்கொண்டு, வெளியே போகாமலே அவர்கள் எங்கெங்கோ போய்வந்தார்கள்.

ஒருநாள் கடையில் ஒரு பாவாடையின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது, கத்தி அவள் நினைவுக்கு வந்தது. பரண்மேல் ஏறிய கத்திகள் இன்னும் இறங்கவில்லை. மூன் என்றால் ஸ்பூன். அப்படியானால் நைஃப்?

மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கைஃப், அப்படி ஒன்று இல்லை. சைஃப், டைஃப், தைஃப், எதுவும் இல்லை. பைஃப், மைஃப், ரைஃப், இல்லை. லைஃப்.

 இந்த மனுஷன் உயிரைக் கேட்கிறார். நான் அறையைவிட்டு எழுந்தால் போதும், பயந்துபோய் உயிரைக் கேட்கிறார். ஊசி நின்ற இடத்திலேயே துணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வரிசையில் அடுத்த எழுத்து பாக்கியிருந்தது. சொல்லாமல் விட மனம் வரவில்லை, பழக்கதோஷம்.

வைஃப்.

படியேறி மேலே போனாள். அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் முன்னால் போய் நின்று, தன் நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள்: "நைஃப்?"

அவர் தலையை ஆட்டினார். இவ்வளவு நாளாக இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையா என்று கேட்பதுபோல அவர் முகம் இருந்தது. இடது கையை நீட்டி அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள். "கத்தியெல்லாம் இறக்கப்போறேன்."

"அம்மா!"

"கத்தின்னா நான்டி. என்னைத்தான் கூப்பிட்டிருக்கார். அது தெரியாம என்னையே பரண்ல தூக்கிப் போட்டுட்டியே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "பூசணிக்காய் என்னாச்சும்மா?" என்று மகள் கேட்டாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு சின்ன நெருடல் இருந்தது. வைஃப் என்று அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கிருந்து எடுத்தார் அந்தச் சொல்லை? அதற்குப் பதில் ஹோட்டலில் கிடைத்தது. அவருடைய கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வெளுத்து, இஸ்திரி போட்டு, உறையில் மாட்டி அவளே எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கண்ணாடிக் கதவின் பக்கம் அவள் போனதே இல்லை. உடுப்புகள் வண்டியில் பின்வாசல் வழியாகத்தான் வந்து போகும். இப்போது புதிதாக ஒரு ஆள் நின்று அவளுக்குக் கதவைத் திறந்தான். அவன் போட்டிருந்த கோட்டின் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டு போகமுடியவில்லை. "கொஞ்சம் கையை நீட்டுப்பா" என்று சொல்லி, பையிலிருந்து குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, கதவோரத்திலேயே அவன் கோட்டின் கையை மணிக்கட்டில் மடித்துக் குத்த ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு பெட்டி தூக்குகிறவர் வந்தார். கதவுக்காரரோடு ரொம்ப வருஷம் வேலை செய்தவர்.

"அட, மை வைஃப் வந்திருக்காங்க!" என்றார் புதியவனிடம். அவள் நிமிர்ந்து பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்க எல்லாருக்கும் உங்க பேரே அதான். யாரோட பட்டன் அறுந்தாலும், கிழிஞ்சாலும், உங்க வீட்டுக்காரர் விடவே மாட்டார். மை வைஃப் தைச்சுடுவா, மை வைஃப் சரிபண்ணிடுவா. போன வருஷம் ஒரு வெளிநாட்டுப் பெரியம்மா கார்ல ஏறப்போனவங்க, அவங்களை நிறுத்தி வெச்சு உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தாரு. அவங்க மழையில நிக்கறாங்க, குடையைக்கூட விரிக்கல இவரு."

வாயில் குண்டூசி இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். குனிந்து, புதியவனின் இன்னொரு கையை மடித்துக் குத்தி முடித்தாள். தான் கால் வைத்தே அறியாத அந்தப் பெரிய பளிங்குக் கூடத்தில், இத்தனை வருஷம் தினமும் யாராவது ஒருவர் காதில் தான் விழுந்துகொண்டே இருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் நடை தரையில் படாத மாதிரி இருந்தது. இங்கிலீஷ்மேல் இருந்த கோபம் எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் மெதுவாக எட்டிப்பார்த்தபோது அவர் "லேக்" என்று கேட்க ஆரம்பித்தார்.

"கேக்?" என்றாள். கடைத்தெருவில் போய் ஒரு துண்டு கேக் வாங்கிவந்தாள். சாப்பிட்டுவிட்டு, "லேக்" என்றார். ஷேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, பாலை அடித்துக் கொடுத்தாள். அதையும் குடித்தார். "லேக்." ஸ்நேக் என்று வந்தபோது குளியலறை மூலையெல்லாம் துடைப்பத்தால் தட்டிப் பார்த்தாள். பேச்சுப் பொண்ணும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்துக் கையை விரித்தாள்.

"எதுவுமே இல்லன்னா, கேட்டதையே குடுத்துடலாமே ஆன்ட்டி" என்றாள் விளையாட்டாக.

தையல் அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வெளியே ஓர் ஏரி இருந்தது. படகு விடுவார்கள் என்று கேள்வி. கல்யாணமான புதிதில் போகலாம் என்று பேசி, போகாமலே விட்டது. கடை மூடியிருந்த ஒரு நாளில் வெளுப்புக் கடைக்காரர் தன் வேனிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வேனின் பின்பக்கம் கம்பியில் துணிகள் மாட்டியபடியே இருந்தன, மறுநாள் வீடு வீடாகக் கொடுக்கவேண்டியவை. இருவரும் அவற்றுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். வண்டி திரும்பும்போதெல்லாம் யார் யாருடையதோ கோட்டுகளும் சேலைகளும் கவுன்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. நிறைய விருந்தாளிகளோடு, ஆனால் யாருமே பேசாமல், ஒரு பயணம் போவதுபோல இருந்தது. அவர் மேலே பார்த்துக்கொண்டே வந்தார். பட்டுச்சேலை ஒன்றின் நுனி அவர் நெற்றியைத் தடவிவிட்டுப் போனது.

ஏரி அசையாமல் கிடந்தது. அக்கரையில் புகை மாதிரி பனி. படகுக்காரரும் கடைக்காரரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவரைப் படகில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் கரையிலேயே நின்றுவிட்டார். துடுப்பு தண்ணீருக்குள் போவதும் வருவதும் தவிர வேறு சத்தமில்லை.

நடு ஏரியில் அவர் "போட்" என்றார்.

அவளுக்கு அது தெரிந்த பாடம்; போட் என்றால் கோட். குளிருகிறது போலிருக்கிறது. பையிலிருந்து எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். அவர் அதை உதறினார். மறுபடி போர்த்தினாள். மறுபடி உதறிவிட்டு, இடது கையால் தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டி, "போட்!" என்றார்.

"போட்டா? நிஜ போட்டா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. என்ன என்று தெரியாமல் படகுக்காரரும் சிரித்தார். சொல்லும் பொருளும் ஒன்றாக வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்த ஏரி, அந்த வெளிச்சம், துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாமே அதனதன் பெயரில் போய்ச் சரியாக உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது.  பனி மெல்லப் பக்கத்தில் வந்தது.

கரை நெருங்கும்போது படகுக்காரர் அவரைப் பார்த்துக் கேட்டார். "இன்னொரு சுத்துப் போலாமா ஐயா?"

அவர் உதடு குவிந்தது. "போ…" என்றார்.

போட் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து அவள் காத்திருந்தாள்.

"போதும்" என்றார் அவர்.

படகுக்காரருக்கு அது சாதாரணமான ஒரு பதில். சரி என்று கரைப் பக்கம் திருப்பினார். அவள்தான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா, சொன்னால் கலைந்துபோய்விடுமோ என்று பயந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவரும் அதிர்ந்துபோய்த்தான் இருந்தார். சொன்ன வாயைத் தன் இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உண்மையில் அந்த வாரம் லேக் என்று அவர் எதைக் கேட்டார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு தமிழ் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தது. பேச்சுப் பொண்ணு படம் காட்டிக் கேட்டபோது வராது. அவர் பாட்டுக்கு இருக்கும்போது வரும். "சூடு" என்று ஒருநாள். "மூடு" என்று ஒருநாள். இரண்டு வாரம் எதுவுமே வராது. பிறகு ஒரே நாளில் நாலு வரும். நிலாவைக் கேட்பது குறைந்து ஸ்பூனை ஸ்பூன் என்றே கேட்க ஆரம்பித்தார். அப்படி முதல் தடவை கேட்டபோது பேச்சுப் பொண்ணு கைதட்டினாள். தையல் அக்காவும் தட்டினாள்; ஆனால் அன்று சாயங்காலம் திரையை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோட்டல் வேலைக்கு அவர் திரும்பவில்லை. வலது கை பாதிதான் தேறியது. பகலில் கீழே இறங்கிவந்து, அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அறுந்த பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்.

ஒரு நாள் காலையில் மகள் போன் செய்தாள். அம்மா குரலில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது.

"என்னம்மா, அழுதியா?"

"சண்டை போட்டோம்."

"யார்கூட?"

"யார்கூடப் போடுவாங்க? உங்கப்பாகூடத்தான். ஃபேனை நிறுத்துன்னார், நான் நிறுத்தல. எனக்கு வேர்க்குது. அவருக்குக் குளிருதாம். பேச்சு வளர்ந்துடுச்சு."

"பேச்சு வளர்ந்துடுச்சா? அப்பா என்ன சொன்னார்?"

"நீ எப்பவுமே இப்படித்தான்னார்."

 "முழுசாவா? அப்படியேவா சொன்னார்?"

"அப்படியேதான். ஒரு எழுத்துப் பிசகல. நீ எப்பவுமே இப்படித்தான். நானும் விடல, ஆமா, இப்படித்தான் இருப்பேன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கார்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது, சிரிப்பில்தான் உடைந்தது. "இன்னிக்கு முழுக்கப் பேசமாட்டார்னு நெனைக்கிறேன். நீ அப்புறமாக் கூப்பிடு. நான் கீழ போகணும், வேலை கிடக்கு."

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, தட்டுத் தடுமாறி, எரிச்சலோடு:

"யாரு… போன்ல?"